எத்தனை வாட் வேண்டும்?

கோவில்பட்டியில் நாதசுவர மேதை காருகுறிச்சி அருணாசலத்துக்குச் சிலை இருக்கிறது. காருகுறிச்சியில் பிறந்து, டி.என். ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, கோவில்பட்டியைத் தம் ஊராக்கிக்கொண்டவர் அவர். 1962-ல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாதசுவரம் இழைந்து ஒலித்தது. 1964-ல் அவர் மறைந்தார். இன்று அவர் வாசிப்பை நாம் பதிவுகளில் மட்டுமே கேட்க முடியும்.

மைக் இல்லாமலே தெருக்கோடிவரை கேட்கும் வாத்தியம் நாதசுவரம். அதை வீட்டுக்குள், உயிர்ப்புக் குறையாமல் கேட்க விரும்பும் ஒரு குடும்பம் கடைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பல மாதச் சேமிப்பு கையில் இருக்கிறது. கடைக்காரர் இரண்டு ஆம்பிளிபயர்களைக் காட்டுகிறார். ஒன்றில் ‘1000 வாட்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. மற்றொன்றில் ‘50 வாட்’ என்று மட்டுமே இருக்கிறது. ஆனால் விலை இதற்குத்தான் அதிகம்! எதை வாங்குவது? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நம் பள்ளி இயற்பியலே போதும்.

மடையைத் திறக்கும் சிறுவன்

இசைத்தட்டின் மேல் ஓடும் ஊசி தரும் மின்னழுத்தம் சுமார் 5 மில்லிவோல்ட்தான். குறுந்தட்டுக் கருவி தருவது 2 வோல்ட். ஸ்பீக்கரை நன்கு இயக்கவோ 20 வோல்ட் வரையும், பல ஆம்பியர் மின்னோட்டமும் தேவைப்படலாம். இந்த இடைவெளியை நிரப்புவதே ஆம்பிளிபயரின் வேலை.

கண்மாய் மடையை எண்ணிப் பாருங்கள். ஒரு சிறுவன் மடைப்பலகையைச் சற்றே தூக்கினால் பெருவெள்ளம் பாய்கிறது. அந்த நீர் சிறுவன் தந்ததன்று, கண்மாயில் இருந்தது. அதுபோலவே, சிறிய இசைச் சைகை டிரான்சிஸ்டர் என்னும் மடையை ஏற்றி இறக்குகிறது. பாய்வது, வீட்டு மின்சாரத்திலிருந்து ஆம்பிளிபயரின் மின்வழங்கி சேமித்து வைத்த ஆற்றல். கண்மாய் வற்றியிருந்தால் மடையைத் திறந்து என்ன பயன்?

சைகையைத் தேர்ந்தெடுத்து, அளவைக் கூட்டிக் குறைக்கும் முன்பகுதியும், ஸ்பீக்கரை இயக்கும் திறன் பகுதியும் ஒரே பெட்டியில் இருந்தால் அதை ஒருங்கிணைந்த ஆம்பிளிபயர் என்கிறோம். பழைய இசைத்தட்டுகள் வீட்டில் இருந்தால், அதற்குரிய தனி நுழைவாய் உண்டா என்று முதலில் பாருங்கள். தட்டில் பதியும்போது தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் உயர்ந்த சுரங்களைக் கூட்டியும் பதிகிறார்கள். அதைச் சரிசெய்யும் சுற்று இல்லாவிட்டால் இசை மெலிந்து கிறீச்சிடும்.

செவியின் கணக்கு

100 வாட் ஆம்பிளிபயர் 50 வாட்டைப் போல் இரண்டு மடங்கு உரக்கக் கேட்குமா? கேட்காது. நம் செவி மடக்கைக் கணக்கில் இயங்குகிறது. திறன் இரு மடங்கானால் ஒலி மட்டம் 3 டெசிபல்தான் உயரும். ஒலி இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் உயர வேண்டும். அதற்குப் பத்து மடங்கு திறன் தேவை.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ‘உணர்திறன்’ என்று ஓர் எண் உண்டு. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி தரும் என்பதே அது. வீட்டு ஸ்பீக்கர்கள் பலவற்றில் இது 88 டெசிபலை ஒட்டியிருக்கும். 3 மீட்டர் தள்ளி அமர்ந்தால் ஏறத்தாழ 80 டெசிபல் கேட்கும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் என்பதை நினைவிற் கொண்டால், இது நல்ல உரத்த இசை. ஆக, 1 வாட்டே போதும்!

அப்படியானால் 50 வாட் எதற்கு? தவிலுக்காக! ஒலி எப்போதும் சராசரியில் நிற்பதில்லை. தவிலில் விழும் ஓர் அடி, சராசரியைவிட 10 டெசிபல் எழுந்தால் அந்தக் கணத்துக்கு 10 வாட் வேண்டும். 20 டெசிபல் எழுந்தால் 100 வாட் வேண்டும். 50 வாட் இருந்தால் 17 டெசிபல் வரை தாங்கலாம். ஸ்பீக்கரின் உணர்திறன் 91 டெசிபலாக இருந்தால் அதே பலனை 25 வாட்டில் பெறலாம். ஆகவே முதலில் ஸ்பீக்கர், பிறகு ஆம்பிளிபயர்.

தேவையான திறன் இல்லாதபோது என்ன நிகழும்? மின்வழங்கியின் மின்னழுத்தத்தைத் தாண்டி அலை எழ முடியாது. அதன் முகடு வெட்டுண்டு தட்டையாகும். தவிலின் அடி ‘பட்’டென்று உடைந்து கேட்கும். நீடித்தால் ஸ்பீக்கரின் உயர்சுரப் பகுதி கருகியும் போகலாம்.

ஆயிரம் வாட்டின் இரகசியம்

மலிவுப் பெட்டிகளில் காணும் ‘பி.எம்.பி.ஓ.’ என்பது ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில் எழக்கூடிய திறனைக் கற்பனையாகப் பெருக்கிச் சொல்லும் எண். அதற்கு உறுதியான அளவுமுறை கிடையாது. நாம் பார்க்க வேண்டியது ‘ஆர்.எம்.எஸ்.’ என்னும் நீடித்த திறனை. இரு பக்கமும் ஒருசேர இயங்கும்போது, 8 ஓம் தடையில் எத்தனை வாட் என்று கேளுங்கள். பெட்டியின் பின்புறத் தகட்டையும் படியுங்கள். ‘மின்செலவு 60 வாட்’ என்று அங்கே இருந்தால், முன்புறத்து 1000 வாட் தொடர்ந்து வர முடியுமா? ஆற்றல் அழிவின்மை விதி கடைத்தெருவுக்கும் பொருந்தும்!

இன்னொரு சோதனை. 8 ஓமில் 50 வாட் என்றால் மின்னழுத்தம் 20 வோல்ட், மின்னோட்டம் 2.5 ஆம்பியர். அதே 20 வோல்ட்டை 4 ஓமில் தர 5 ஆம்பியர் வேண்டும். திறன் 100 வாட் ஆகும். 4 ஓமில் இதை நெருங்கும் ஆம்பிளிபயருக்கு வலுவான மின்வழங்கி இருக்கிறது என்று பொருள். விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரிசல் பூமியில் கவனிக்க வேண்டியவை

மின்கம்பி வரிசையின் கடைசி வீடுகளில் மின்னழுத்தம் தாழ்வதுண்டு. 230 வோல்ட் 184 ஆகக் குறைந்தால், அதாவது 20 சதவீதம் குறைந்தால், சாதாரண மின்மாற்றியுள்ள ஆம்பிளிபயரின் திறன் 64 சதவீதமாகும். 50 வாட் 32 வாட்டாகிவிடும். திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்ததல்லவா?

அடுத்தது வெப்பம். ‘ஏ.பி.’ வகை ஆம்பிளிபயர் உறிஞ்சும் மின்னாற்றலில் பாதிக்கு நெருங்கிய பங்கு சூடாகவே வெளியேறுகிறது. சித்திரை வெயிலில் அறையே கொதிக்கும்போது அதை மூடிய அலமாரியில் வைப்பது தவறு. மேலே ஒரு சாண் இடம் விடுங்கள். புழுதி படிந்தால் காற்றோட்டம் தடைப்படும், துடையுங்கள். ‘டி’ வகை ஆம்பிளிபயர்கள் சுமார் 90 சதவீதம் திறமையானவை, சூடு குறைவு. வெயில் பூமிக்கு ஏற்றவை.

மூன்றாவது எர்த். ஈரக் கரிசல் மண் மின்சாரத்தை நன்கு கடத்தும். கோடையிலோ அது சுருங்கி வெடிக்கிறது. எர்த் குழாயைவிட்டு மண் விலகினால் தடை உயர்ந்துவிடும். கரி, உப்பு இட்ட குழியில் அவ்வப்போது நீர் ஊற்ற வேண்டும். ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற உறுமல் கேட்டால், எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையில் இணைத்துப் பாருங்கள். எர்த் கம்பியை மட்டும் ஒருபோதும் துண்டிக்காதீர்கள். உறுமல் போகலாம், உயிரும் போகலாம்.

செவியே நீதிபதி

கடையில் இரண்டை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக்கச் சொல்லுங்கள். சற்று உரக்க ஒலிப்பதையே ‘நன்றாயிருக்கிறது’ என்று செவி நம்பிவிடும். எது எதுவென்று தெரியாமல் கண்ணை மூடிக் கேளுங்கள். வேறுபாடு தெரியவில்லையா? மலிவானதை வாங்கி, மிச்சத்தை ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள். வீடு வந்த பிறகும் அளவாகவே கேளுங்கள். 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணிக்கு மேல் கேட்பது செவிக்குத் தீங்கு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆம்பிளிபயர் பழுதானால் வேறு வாங்கலாம், செவிக்கு மாற்றில்லை.

இப்போது ஒரு கணக்கு. உணர்திறன் 85 டெசிபல் உள்ள ஸ்பீக்கரை வாங்கினால், 88 டெசிபல் ஸ்பீக்கர் 50 வாட்டில் தரும் ஒலியைப் பெற எத்தனை வாட் வேண்டும்? விடை கண்டவர்கள் கடைக்குப் போகலாம்!