வாய்ப் புற்றுநோயாளிக்கு உணவும் ஒரு மருந்தே



உடல்நலம் என்பது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதமாகும். நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்திருப்பதை நாம் அறிவோம். ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சை என்றதும் அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூன்றை மட்டுமே எண்ணுகிறோம். வாய்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை நான்காவதாக ஒன்று உண்டு. அதுதான் உணவு. முதல் மூன்றும் மருத்துவர்களின் பொறுப்பு. நான்காவதன் பெரும்பகுதி வீட்டாரின் பொறுப்பாகும்.

நாவிலும் கன்னத்தின் உட்பகுதியிலும் ஈறிலும் தோன்றும் இந்நோய் நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுகிறது. புகையிலை மட்டுமன்றி, பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் பொருளே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டு அறிவித்தது. எனவே, புகையிலை சேர்க்காமல் வெற்றிலை பாக்கு மட்டும் போடும் நம் வீட்டு முதியவர்களும் இதில் கவனம் கொள்ள வேண்டும்.

உணவு குறைந்தால் சிகிச்சை தடைப்படும்

மற்ற உறுப்புகளில் நோய் வந்தால் உண்ணும் வழியாவது திறந்திருக்கும். இந்நோயோ உணவு நுழையும் வாசலிலேயே அமர்ந்துகொள்கிறது. கட்டியால் வலி, அறுவைச் சிகிச்சைக்குப் பின் மெல்ல முடியாமை, கதிர்வீச்சால் வாய்ப்புண். இவற்றால் நோயாளி சிறிது சிறிதாக உணவைக் குறைக்கிறார். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே மாதத்தில் 3 கிலோ இழந்தால், அதை உடனே மருத்துவரிடம் கூற வேண்டிய அபாய அறிகுறியாகக் கொள்ள வேண்டும்.

கதிர்வீச்சு பொதுவாக வாரத்திற்கு 5 நாட்கள் வீதம் 6 அல்லது 7 வாரங்கள் அளிக்கப்படுகிறது. உடல் தளர்ந்து இடையில் நிறுத்த நேர்ந்தால், எஞ்சிய புற்றுச்செல்கள் மீண்டும் பெருக வாய்ப்பளித்தவர்களாகிறோம். முகம் மெலிந்தால், கதிர்வீச்சின்போது தலை அசையாதிருக்க அளவெடுத்துச் செய்த முகமூடியும் தளர்ந்து, மீண்டும் அளவெடுக்க நேரிடலாம். ஆகவே, ஒரு குவளை பால் கஞ்சியைச் சிறுகச் சிறுகக் குடித்து முடிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பார்த்துக் குறித்து வைத்து, மருத்துவமனைக்குச் செல்லும்போது அக்குறிப்பைக் காட்டுங்கள்.

எவ்வளவு தேவை?

சிகிச்சைக் காலத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 முதல் 1.5 கிராம் புரதமும் தேவை என்பது பொதுவான அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 1500 முதல் 1800 கலோரியும், 60 முதல் 90 கிராம் புரதமும் ஆகும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரதத்தின் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நம் வீடுகளில் நோயாளி என்றதும் நீர்த்த அரிசிக் கஞ்சியே வருகிறது. 15 கிராம் அரிசியில் காய்ச்சிய ஒரு குவளைக் கஞ்சியில் ஏறத்தாழ 50 கலோரியும் ஒரு கிராம் புரதமுமே உண்டு. நாள் முழுதும் பத்துக் குவளை குடித்தாலும் தேவையில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதே கஞ்சி கொதிக்கும்போது ஒரு முட்டையை உடைத்து ஊற்றி நன்கு வேகவைத்து, இரண்டு மேசைக்கரண்டி பால்பவுடரும் ஒரு மேசைக்கரண்டி நெய்யும் சேர்த்து மிக்ஸியில் அரைத்தால், அதே ஒரு குவளை 300 கலோரியை நெருங்கும்; புரதமும் 12 கிராம் அளவுக்கு உயரும். உணவின் அளவைப் பெருக்க முடியாத நிலையில், ஒவ்வொரு வாயிலும் உள்ள சத்தைப் பெருக்குவதே வழி.

மூன்று முட்டை, முக்கால் லிட்டர் பால், 50 கிராம் பாசிப்பருப்பு, 60 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் ஆகியவை ஒரு நாளில் உள்ளே சென்றால் 70 கிராமுக்கு மேல் புரதம் கிடைத்துவிடும். விலையுயர்ந்த சத்து மாவு டப்பாக்கள் இல்லாமலும் இது இயலும்.

நம் சமையலறையிலேயே உள்ளவை

நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பது நமக்குப் புதியதன்று. நோயாளிக்கும் துக்கத்தில் இருப்போருக்கும் தல்பீனா எனும் கஞ்சியை ஆயிஷா (ரலி) அவர்கள் பரிந்துரைத்து வந்த செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. நம் நோன்புக் கஞ்சியும் இதற்கு மிகப் பொருத்தமானது. அரிசி, பாசிப்பருப்பு, கொத்துக்கறி, தேங்காய்ப்பால் என அனைத்தும் அதில் உள்ளன. நோயாளிக்குச் செய்யும்போது மிளகாய், பட்டை, கிராம்பு, இஞ்சி ஆகியவற்றை விட்டுவிட்டு, கறியைக் குழைய வேகவைத்து அரைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம்.

முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வட்டிலப்பம், பாலில் ஊறவைத்து அரைத்து வடிகட்டிய பேரீச்சம்பழம், ரவைக் கஞ்சி, நன்கு மசித்த பருப்பும் நெய்யும், முள் நீக்கி அரைத்த மீன், தயிர் (புளிக்காதது) ஆகியவையும் ஏற்றவை. ஆட்டுக்கால் சூப் தொண்டைக்கு இதமானதே. எனினும் அதை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது. சத்து சூப்பின் நீரைவிடக் கறியில்தான் அதிகம். புளி, எலுமிச்சை, தக்காளி, மிளகாய், முறுக்கு, பரோட்டா, கொதிக்கும் தேநீர் ஆகியவற்றைப் புண் ஆறும்வரை தவிர்க்க வேண்டும். முட்டையைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது.

மூன்று வேளைக்குப் பதிலாக, இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை சிறு அளவாக ஆறு முதல் எட்டு வேளை கொடுப்பது நோயாளிக்கு எளிது.

குழாய் என்றால் அஞ்ச வேண்டாம்

மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் போடலாம் என்று மருத்துவர் கூறியதும், "முடிவு வந்துவிட்டது" என்று பல குடும்பங்கள் கலங்குகின்றன. சிலர் மறுத்தும் விடுகின்றனர். உண்மையில் குழாய் என்பது புண் ஆறும்வரை பயன்படும் மாற்றுப் பாதையே. பெரும்பாலோருக்கு அது பின்னர் எடுக்கப்பட்டுவிடும். நான்கு வாரங்களுக்கு மேல் தேவைப்படும் எனத் தெரிந்தால், வயிற்றில் சிறு துளையிட்டு நேரடியாகக் குழாய் பொருத்துவதும் உண்டு.

வீட்டில் குழாய் வழி உணவளிப்போர் கவனிக்க வேண்டியவை:

1. கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும். மூக்கருகே குழாயில் உள்ள குறி இடம் மாறியிருந்தால் உணவு செலுத்தக் கூடாது. மருத்துவமனையை அணுக வேண்டும்.

2. நோயாளியைச் சாய்வாக உட்கார வைத்தே கொடுக்க வேண்டும். கொடுத்த பின்னும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது.

3. ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி வரை, அவசரமின்றி மெதுவாகச் செலுத்த வேண்டும். உணவை நன்கு அரைத்து வடிகட்ட வேண்டும்.

4. உணவுக்கு முன்னும் பின்னும் 30 மில்லி சுத்தமான நீர் செலுத்தினால் குழாய் அடைபடாது.

5. அரைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்கக் கூடாது. குளிர்பெட்டியில் வைத்ததையும் 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

6. இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். மாத்திரைகளைப் பொடித்துச் செலுத்துமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

பல நாட்கள் ஏறக்குறைய பட்டினியாகவே இருந்துவிட்ட நோயாளிக்கு முதல் நாளே முழு அளவு உணவு கொடுப்பது ஆபத்து. இரத்தத்திலுள்ள உப்புகள் திடீரெனக் குறைந்து உயிருக்கே கேடு விளையலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே கூட்ட வேண்டும்.

வாய்ப்புண்ணும் வறட்சியும்

கதிர்வீச்சின் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாய்ப்புண் தொடங்கி, இறுதி வாரங்களில் கடுமையாகும். சிகிச்சை முடிந்தபின் சில வாரங்களில் ஆறத் தொடங்கும். மருத்துவர் தந்த வலி மருந்தை உணவுக்கு அரை மணி நேரம் முன்னதாகக் கொடுத்தால் உண்பது எளிதாகும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, உண்ட பின்பும் இடையிடையேயும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். உளூவின் நேரங்களை இதற்கு நினைவூட்டலாக வைத்துக்கொள்ளலாம். ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிப்பு மருந்துகள் புண்ணை எரியச் செய்யும், அவை வேண்டாம். மிஸ்வாக் பழக்கமுள்ளவர்கள் புண் ஆறும்வரை மிக மென்மையான பல்துலக்கியைப் பயன்படுத்துவது நல்லது.

உமிழ்நீர் குறைவதால் வாய் வறளும். பற்களும் எளிதில் சொத்தையாகும். எனவே கதிர்வீச்சு தொடங்குமுன் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பின், எத்தனை ஆண்டுகளானாலும், சிகிச்சையளித்த மருத்துவரைக் கேட்காமல் பல் பிடுங்கக் கூடாது. தாடை எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் உண்டு.

திணிப்பதும் தவறு, விட்டுவிடுவதும் தவறு

நோயாளிகளை உண்ணுமாறு கட்டாயப்படுத்த வேண்டாம் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி திர்மிதி, இப்னுமாஜா ஆகிய நூல்களில் வருகிறது. இதைக் காட்டி, "அவர் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை" என்று சிலர் இருந்துவிடுகின்றனர். வற்புறுத்தித் திணிப்பது வேறு. நோயாளி உண்ணும் வகையில் வழி அமைத்துக்கொடுப்பது வேறு. வலியைத் தணித்து, பக்குவமாக அரைத்து, நேரம் அறிந்து அருகில் அமர்ந்து கொடுப்பது கட்டாயமாகாது, அது பணிவிடையாகும்.

சர்க்கரை சேர்த்தால் புற்று வளரும் என்று கூறி இனிப்பை அறவே நிறுத்துவதும் தவறு. உடலின் எல்லாச் செல்களும் சர்க்கரையைப் பயன்படுத்துகின்றன. உணவைக் குறைத்தால் நோயாளிதான் பட்டினி கிடப்பாரே தவிர, புற்று பட்டினி கிடக்காது. நீரிழிவு உள்ளவர்களுக்கு உணவைக் குறைப்பதைவிட, மருந்தின் அளவை மாற்றியமைக்குமாறு மருத்துவரைக் கேட்பதே முறை.

தேனையும் கருஞ்சீரகத்தையும் நாம் மதிக்கிறோம். ஆயினும், அவற்றைக் காரணம் காட்டி அறுவைச் சிகிச்சையையோ கதிர்வீச்சையோ தள்ளிப்போடுவது பேராபத்து. குணமாகும் நிலையில் இருந்த நோயைக் குணமாகாத நிலைக்கு அது கொண்டுசென்றுவிடும். எதை உட்கொண்டாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

நோன்பு

ரமளான் வந்ததும், "ஒரு நோன்பையாவது வைக்கிறேன்" என்று நோயாளிகள் கண்கலங்குவதுண்டு. அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் நோயாளிக்கு அல்லாஹ் தெளிவாகச் சலுகை வழங்கியிருக்கிறான். சிகிச்சைக் காலத்தில் பல மணி நேரம் நீரும் உணவும் இன்றி இருப்பது புண்ணையும் எடையிழப்பையும் கூட்டும். குணமடைந்த பின் வேறு நாட்களில் நோற்கலாம். குணமடையும் வாய்ப்பில்லை என்ற நிலையில் ஃபித்யா கொடுக்க வழியுண்டு. இதில் ஐயம் எழுந்தால், மருத்துவர் கூறியதை ஆலிமிடம் தெரிவித்து விளக்கம் பெறுங்கள். சலுகையை ஏற்பதும் கீழ்ப்படிதலே என்பதை நோயாளிக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

நலம் திரும்பும் காலம்

சிகிச்சை முடிந்ததும் பசியும் சுவையும் உடனே திரும்பிவிடுவதில்லை. சுவை திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். வாய் இறுகாமலிருக்க, மருத்துவமனையில் கற்றுத்தரும் தாடைப் பயிற்சிகளை நாள்தோறும் செய்ய வேண்டும். குழாய் இருக்கும்போதும், மருத்துவர் அனுமதித்த அளவு விழுங்கிப் பழக வேண்டும். இல்லையேல் விழுங்கும் தசைகள் பழக்கத்தை இழக்கும். உண்ணும்போது அடிக்கடி இருமல், சளி கலந்தது போன்ற குரல், காரணமற்ற காய்ச்சல் ஆகியவை உணவு மூச்சுக்குழலுக்குள் செல்வதன் அறிகுறிகளாக இருக்கலாம், தாமதமின்றிக் காட்டுங்கள். புகையிலையையும் பாக்கையும் மீண்டும் தொடவே கூடாது.

உணவு ஒழுகுமே, பிறர் பார்ப்பார்களே என்ற வெட்கத்தால் பலர் சமையலறை மூலையில் தனியே உண்ணத் தொடங்குகின்றனர். ஒரே சஹனில் கூடி உண்டு பழகிய நம் சமுதாயத்தில் இந்தத் தனிமை மிகவும் கொடியது. அவருக்கென ஒரு கிண்ணமும் துண்டும் வைத்து, குடும்பத்தினர் அருகிலேயே அமர வையுங்கள். பிள்ளைகள் முகம் சுளிக்காதிருக்கக் கற்றுக்கொடுங்கள்.

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வோர் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிச் செல்கின்றனர். இந்நோயாளியால் ஆப்பிளைக் கடிக்க முடியாது, ஆரஞ்சு எரியும். முட்டையும் பால்பவுடரும் நெய்யும் கொண்டுசெல்லுங்கள். மருத்துவச் செலவில் கையிருப்பெல்லாம் கரைந்த ஏழைக் குடும்பத்திற்கு, இரண்டு மாத உணவுச் செலவை ஜமாஅத்தின் பைத்துல்மால் ஏற்றுக்கொண்டால், ஒருவர் சிகிச்சையை முழுமையாக முடிக்க அது காரணமாகக்கூடும்.

வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், அவர்களுக்குப் பணிவிடை செய்வோருக்குப் பொறுமையையும் வலிமையையும் வழங்குவானாக! ஆமீன்.