எம்.சி.க்கு முன்னால் ‘அ’வா, ‘அன்’னா?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர், மேலாளருக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிளினிக்கில் வாங்கிய எம்.சி.யை, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழை, இணைத்தாயிற்று. முதல் வரியிலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. எம்.சி.க்கு முன்னால் ‘அ’ போடுவதா, ‘அன்’ போடுவதா?

ஐந்து உயிரெழுத்துகளுக்கு முன்னால்தான் ‘அன்’ வரும் என்று பலரும் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்தக் கணக்கில் ‘எம்’ மெய்யெழுத்து. ஆனால் ஆங்கிலம் இங்கே பார்ப்பது எழுத்தை அல்ல, ஒலியை. ‘எம்’ என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது ‘எ’ என்ற உயிரொலி. ஆகவே ‘அன் எம்.சி.’ என்பதே சரி. எஸ்.பி.எம். சான்றிதழுக்கும் எம்.பி.பி.பி. அதிகாரிக்கும் ‘அன்’தான். யு.எஸ்.எம். மாணவருக்கோ ‘அ’ போட வேண்டும், ஏனென்றால் ‘யு’ யகர ஒலியில் தொடங்குகிறது.

தமிழ் படித்தவருக்கு இது புதிதே அல்ல. ஓர் ஊர், ஒரு நகரம், ஓர் இலை, ஒரு யானை. உயிருக்கு முன் ஓர், மெய்க்கு முன் ஒரு. அதே காதைத் தீட்டிக்கொண்டால் ஆங்கிலத்திலும் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பினாங்கில் இரண்டு மொழிகளும் ஒரே பள்ளியில் கால் வைத்தவை. 1816இல் பாதிரியார் ஹட்சிங்ஸ் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில்தான் தமிழ் வகுப்பும் முதலில் நடந்தது. 2016இல் மலேசியத் தமிழ்க் கல்வியின் 200ஆம் ஆண்டு கொண்டாடப்பட்டதும் அதைக் கணக்கில் வைத்துத்தான். அன்று வேரூன்றியது பிரிட்டிஷ் ஆங்கிலம். 1972இல் இன்டெல் பாயான் லெப்பாஸுக்கு வந்தபின், அமெரிக்க ஆங்கிலமும் அலுவலக மேசைக்கு வந்து சேர்ந்தது.

குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ‘டாக்டர்’ என்பதை இரண்டே எழுத்தில் சுருக்கினால், சொல்லின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் இருப்பதால் பிரிட்டிஷார் புள்ளி வைப்பதில்லை. ‘புரொஃபசர்’ பாதியில் வெட்டப்படுவதால் அதற்குப் புள்ளி உண்டு. அமெரிக்கர்கள் இரண்டுக்கும் வைப்பார்கள். இதில் தவறினாலும் பெரிய நட்டமில்லை. தேதி அப்படியல்ல. 5/8 என்றால் பினாங்கில் ஆகஸ்டு 5, அமெரிக்காவில் மே 8. சரக்கு அனுப்பும் நாளை எழுதும்போது மாதத்தின் பெயரையே எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு.

உள்ளூர்ச் சுருக்கங்களும் கடல் தாண்டினால் கைகொடுக்காது. ‘கீப் இன் வியூ’ என்பதன் சுருக்கமான கே.ஐ.வி., அதாவது பிறகு பார்க்கலாம் என்று நிறுத்தி வைப்பது, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அன்றாடப் பேச்சு. லண்டன்காரருக்கு அது விளங்காது. எம்.சி. என்றால் அவர் நிகழ்ச்சி நெறியாளர் என்று நினைத்துக்கொள்ளக்கூடும்.

‘டிஸ்கஸ் அபௌட்’ இன்னொரு வழக்கமான இடறல். தமிழில் ஒன்றைப் ‘பற்றி’த்தான் கலந்து பேசுவோம்; மலாயிலும் ‘தெந்தாங்’ சேரும். அந்தப் பழக்கம் கூடவே வருகிறது. ‘டிஸ்கஸ்’ என்ற வினையோ ‘பற்றி’யையும் தன்னுள்ளே வைத்திருக்கிறது. ‘ஸ்டாஃப்’, ‘எக்விப்மென்ட்’ ஆகியவற்றின் வாலில் ‘ஸ்’ ஒட்டுவதும் இதைப் போன்றதே. கோப்பிக் கடையில் இப்படிப் பேசினால் யாருக்கும் குறையில்லை. வேலை விண்ணப்பத்தில் அது மதிப்பெண்ணைக் குறைக்கும்.

மிகவும் கவனம் தேவைப்படுவது சொந்தப் பெயர். மலேசிய அடையாள அட்டையில் தமிழர் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ நிற்கிறது. அவை ஆங்கிலமே அல்ல, மலாய். ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரம்புவான்’, அதாவது மகன், மகள். சிங்கப்பூரில் இதே இடத்தில் ஆங்கிலச் சுருக்கங்களான ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ வரும். விமானப் பதிவில் பெயருக்குள் சாய்கோடு ஏறாது என்பதால் வெறும் ‘ஏஎல்’ என்று பதிவாகி, அதுவும் பெயரின் ஒரு துண்டு போல் ஆகிவிடுகிறது. வெளிநாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதினால், வரும் கடிதமெல்லாம் அப்பாவை விளித்தே வரும். மின்னஞ்சலின் அடியில் தம்மை எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் எதிரில் இருப்பவருக்கும் தடுமாற்றம் இருக்காது.