மீன்தொட்டிக்கு ஏற்ற குழாய் நீர்

சென்னையின் கொளத்தூர், வண்ண மீன் வளர்ப்புக்கும் வணிகத்திற்கும் பெயர்பெற்ற பகுதி. கப்பி, மோலி, பொன்மீன் முதலியவை அங்கிருந்து ஆக்சிஜன் நிரப்பிய நெகிழிப் பைகளில் வெளியூர்களுக்குப் பயணம் செய்கின்றன. அத்தகைய நெடும்பயணத்தைத் தாங்கிய மீன், வீட்டுத் தொட்டியில் விட்ட மறுநாளே இறந்து மிதப்பதுண்டு. கடைக்காரர் நோயுற்ற மீனைக் கொடுத்துவிட்டார் என வீட்டார் எண்ணுவர். பல வேளைகளில் உண்மைக் காரணம், தொட்டியில் ஊற்றிய குழாய் நீரே ஆகும்.

நகரங்களில் குடிநீரைத் தூய்மைப்படுத்தும்போது நோய்க்கிருமிகளை அழிக்கக் குளோரின் சேர்க்கின்றனர். நீர் குழாய்களில் வரும் வழியிலும் மாசுபடாதிருக்க, அதில் சிறிதளவு குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்பது இந்தியக் குடிநீர்த் தரம் வகுத்துள்ள குறைந்த அளவு. அந்நீரைப் பருகும் மனிதருக்கு அதனால் தீங்கில்லை. மீனின் நிலை வேறு. அது செவுள்களால் மூச்சுவிடுகிறது. செவுளின் மெல்லிய தோலுக்கு அடியிலேயே குருதி ஓடுகிறது. குளோரின் அந்தத் தோலை அரித்துவிடும். மீன் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இதனைப் பசியெனக் கருதி இரையை அள்ளித் தூவுவோரும் உளர்! மீனின் கழிவிலுள்ள அம்மோனியாவை மாற்றித் தொட்டியைத் தூய்மையாக வைத்திருக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் குளோரினால் அழிகின்றன.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி, காத்திருத்தல். அகன்ற வாயுள்ள வாளியில் நீரைப் பிடித்து, மூடாமல் ஒரு நாள் முழுவதும் வைத்தால் குளோரின் காற்றில் கலந்து வெளியேறிவிடும். காற்றூட்டும் கருவியை வாளியில் இட்டால் இன்னும் விரைவில் வெளியேறும். குறுகிய வாயுள்ள குடமும் மூடி போட்ட புட்டியும் இதற்கு உதவா.

ஆனால், எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இவ்வழி போதுமானதன்று. தில்லியை எடுத்துக்கொள்வோம். வசீராபாத், சந்திராவல் ஆகிய இடங்களில் உள்ள சுத்திகரிப்பு நிலையங்கள் யமுனை நீரைப் பெறுகின்றன. ஆற்றில் கழிவு கலப்பதால், குறிப்பாகக் குளிர்காலத்தில், அம்மோனியா மிகுந்து நீர் வழங்கலே தடைப்படுவதுண்டு. அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்தால் குளோரமின் என்னும் சேர்மம் உண்டாகும். அது ஒரு நாள் காத்திருந்தாலும் எளிதில் வெளியேறாது. செவுள் வழியே குருதியில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும்.

வாளி நீரில் எது உள்ளது என்பதைக் கண்ணால் அறிய இயலாது. மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைக் கரைசலைக் கொண்டு அறியலாம். சிறு குழலில் நீரை எடுத்து அதில் சில துளிகள் விட்டால், குளோரின் இருப்பின் நீர் மஞ்சளாகும். ஒரு நாள் வைத்திருந்த நீரும் மஞ்சளானால், குளோரமின் இருக்கலாம் என ஐயுற வேண்டும். சோதித்த நீர் நஞ்சாகையால் அதனைத் தொட்டியில் ஊற்றாமல் கொட்டிவிட வேண்டும்.

அப்போது கைகொடுப்பது சோடியம் தயோசல்பேட். ஒளிப்படச் சுருளைக் கழுவும் இருட்டறைகளில் 'ஹைப்போ' எனப் பெயர்பெற்ற அதே படிகந்தான் இது. 10 கிராம் படிகத்தை 1 லிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டர் வாளி நீருக்கு 10 மில்லிலிட்டர் வீதம் கலக்கினால் போதும். இருமல் மருந்துடன் வரும் அளவு மூடியே இதற்கு ஏற்ற கருவி. அதைத் தனியே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். இக்கணக்கின்படி 100 கிராம் படிகம் 10,000 லிட்டர் நீருக்கு வரும். சிறு புட்டிகளில் விலை உயர்ந்து விற்கும் நீர்மங்களை வாங்குமுன் இதனை எண்ணிப் பார்ப்பது நன்று. கரைசல் புட்டியின்மேல் பெயரெழுதி ஒட்டி, சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருந்தே இதனைச் செய்ய வேண்டும்.

குளோரமினைத் தயோசல்பேட் முறிக்கும்போது அம்மோனியா எஞ்சி நிற்கும். எனவே அத்தகைய நீரைத் தொட்டியில் ஒரே முறையில் நிறைய மாற்றலாகாது. பத்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றி, அன்று இரையையும் குறைத்துவிட்டால், எஞ்சியதைத் தொட்டியின் பாக்டீரியாக்கள் மெல்ல மாற்றிவிடும்.

வீட்டிலுள்ள ஆர்.ஓ. கருவியின் நீரை மட்டுமே ஊற்றினால் என்ன என்று கேட்கத் தோன்றும். அதில் மீனுக்குத் தேவையான தாது உப்புகள் மிகக் குறைவு. ஆகவே அது தனியே ஏற்றதன்று.

வெப்பநிலையும் கருதத்தக்கது. தில்லியில் மே மாதத்தில் மாடித் தொட்டி நீர் கையைச் சுடும். சனவரியில் விரல்கள் விறைக்கும். வாளி நீரை மீன்தொட்டியின் அருகிலேயே வைத்திருந்து, இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்தபின், ஒரு குவளையால் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்.