நான்கு சக்கரமும் இழுத்த டிராக்டர்

கிள்ளானிலிருந்து கேரித் தீவுக்குச் செல்லும் வழியெங்கும் செம்பனை மரங்கள் வரிசையாக நிற்கின்றன. கடலையொட்டிய இப்பகுதி களிமண் நிலம். கனமழை பெய்த மறுநாள் இத்தகைய தோட்டத்திற்குள் டிராக்டர் ஓட்டுவது எளிதன்று. ஆனாலும், வெட்டிய குலைகளைத் தாமதமின்றி ஆலைக்கு அனுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலத்தன்மை கூடித் தரம் குறைந்துவிடும். வண்டி சேற்றில் புதைந்தால், 20 கிலோகிராம் எடையுள்ள குலைகளைக்கூடப் பாட்டாளிகளே சாலை வரை கொண்டுவர நேரிடும்.

டிராக்டர் ஏன் புதைகிறது? சாதாரண டிராக்டரில் இயந்திரத்தின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. முன்சக்கரங்கள் வெறுமனே உருள்கின்றன. கெட்டியான தரையில் இதனால் குறையொன்றுமில்லை. சேற்றிலோ, அவை மண்ணை முன்னால் குவித்துக்கொண்டு வண்டிக்கே தடையாகின்றன. பின்சக்கரங்கள் பிடிப்பின்றிச் சுழன்று குழி பறிக்கின்றன. நான்கு சக்கரங்களும் இழுத்தால், வண்டியின் முழு எடையும் பிடிப்புக்குப் பயன்படும்.

இந்த எண்ணத்தைத் துணிந்து சந்தைக்குக் கொண்டுவந்த தொடக்ககால நிறுவனங்களுள் ஒன்று கனடாவின் மேசி ஹாரிஸ். 1930ஆம் ஆண்டில் அது ‘ஜெனரல் பர்பஸ்’ என்னும் டிராக்டரை அறிமுகப்படுத்தியது. பார்த்தவுடன் வியப்பூட்டும் தோற்றம் அதற்கு. நான்கு சக்கரங்களும் ஒரே அளவு, பெரும்பாலும் இரும்பாலானவை. அதிலிருந்த நான்கு சிலிண்டர் ஹெர்குலிஸ் இயந்திரத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 3.7 லிட்டர். இழுவைக்கு 15 குதிரைத்திறன், வார்ப்பட்டை வழியாகப் பிற இயந்திரங்களை இயக்க 22 குதிரைத்திறன் எனத் திறன் வரையறுக்கப்பட்டிருந்தது. முன்னோக்கிச் செல்ல மூன்று கியர்கள் இருந்தன. உச்ச வேகம் மணிக்கு 6 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். இன்றைய மாணவன் வேகமாக நடந்தாலே அதற்கு ஈடுகொடுத்துவிடலாம்!

அதன் சிறப்பு வேகத்தில் இல்லை; அடிப்பகுதி அமைப்பில் இருந்தது. வளரும் பயிரை முறிக்காமல் கடந்து செல்ல, தரைக்கும் அச்சுக்கும் இடையே ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் இடைவெளி விடப்பட்டிருந்தது. பின் அச்சு, தராசுக்கோல்போல மேலும் கீழும் சாயக்கூடியது. மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறினாலும் மற்ற மூன்றும் தரையை விட்டு விலகுவதில்லை.

இவ்வளவு இருந்தும் அது நன்றாக விற்கவில்லை. ஏறத்தாழ 3,000 டிராக்டர்களே தயாராயின. உலகப் பொருளாதார மந்தத்தால் விவசாயிகளிடம் பணமில்லை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, சக்கரங்களுக்கிடையிலான அகலத்தை மாற்ற முடியாமை. தொழிற்சாலை நான்கு அகலங்களில் தயாரித்தது. பயிர் வரிசையின் இடைவெளி மாறினால் வாங்கியவர் திண்டாட வேண்டியதுதான். 1932இல் வேறொரு நிறுவனம் டிராக்டருக்குக் காற்றடைத்த ரப்பர் டயரைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. பின்சக்கரங்கள் மட்டும் இழுத்தாலும் அப்போது பிடிப்பு கூடியதால், விலையுயர்ந்த நான்கு சக்கர இயக்கம் தேவையில்லை எனப் பலர் கருதினர்.

எண்ணம் மட்டும் மறையவில்லை. இங்கிலாந்தின் கவுண்டி நிறுவனம் கரும்புத் தோட்டங்களைக் கருத்தில் கொண்டு 1954இல் நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டரை உருவாக்கியது. 1963இல் அதே நிறுவனத்தின் ‘சீ ஹார்ஸ்’ என்னும் மிதக்கும் டிராக்டர், ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு ஆங்கிலக் கால்வாயையே கடந்தது. விளம்பரத்துக்காகச் செய்ததுதான், ஆனால் ஈரநிலத்தில் தன் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதை உலகுக்குக் காட்ட அதைவிட நல்ல வழி கிடைத்திருக்காது.

மேசி ஹாரிஸ், 1953இல் பெர்குசன் நிறுவனத்துடன் இணைந்து, பின்னர் மேசி பெர்குசன் ஆனது. அப்பெயருடைய டிராக்டர்களைச் சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் பல்லாண்டுகளாக உருவாக்கி வந்துள்ளது. நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களிலும் ‘மேசி’ பழகிய பெயர்தான்.

இன்றைய நான்கு சக்கர இயக்க டிராக்டர்கள் பலவற்றில் முன்சக்கரங்கள் சற்றுச் சிறியவை. அவற்றுக்கு விசை செல்வதை ஓட்டுநர் ஒரு நெம்புகோலாலோ பொத்தானாலோ இணைக்கலாம், துண்டிக்கலாம். சேற்றில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் சிறிது மாறுபட்ட வேகத்தில் சுழன்றாலும் மண் நழுவிக்கொடுக்கும். தார்ச்சாலை அப்படி விட்டுக்கொடுக்காது. டயர்கள் தேயும், பற்சக்கரங்கள் இறுகும். ஆகவே, தோட்டத்து மண்பாதை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் அனுபவமுள்ள ஓட்டுநர் முன்சக்கர இயக்கத்தைத் துண்டித்துவிட்டே ஆலையை நோக்கிச் செல்வார்.