ஒற்றைக்கால் ஸ்டாண்டும் ஈர மண்ணும்

பொல்பிட்டியவிலிருந்து லக்சபான பக்கம் ஏறும் தோட்டப் பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைக்கூடப் பழகிக்கொள்ளலாம். அதை நிறுத்திவைப்பதுதான் பெரும்பாடு. கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் ஒன்றுசேர்ந்து களனி கங்கையாகும் இடத்துக்கு அருகில் இருக்கிறது பொல்பிட்டிய. 1969இல் இங்கே நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் அந்த நீரை நம்பித்தான். சற்று மேலே வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை மே மாதம் பிடித்துக்கொண்டால் செப்டெம்பர் வரை பாதையோரம் சரியாகக் காய்வதில்லை. அந்தச் சிவந்த களிமண்ணில்தான் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி ஒற்றை இரும்புக்காலை ஊன்றி நிற்கவேண்டியிருக்கிறது.

மலையகத் தோட்டங்களுக்கும் கரடுமுரடான பாதைக்கென்று செய்த மோட்டார் சைக்கிளுக்கும் நெடுநாள் உறவு. சின்னத்துரைமார் மோட்டார் சைக்கிளில் மலை பார்க்கப் போவது பழைய வழக்கம். ஹொண்டா எக்ஸ்எல், யமஹா டிடி, பின்னாளில் வந்த ஹொண்டா பாஜா என்று ஜப்பானிய ட்ரெயில் வண்டிகள் இலங்கையில் இன்றும் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கையில் இருக்கிற வண்டியைத் தட்டிக்கொட்டி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. என்ஜினுக்கும் கார்ப்பரேட்டருக்கும் கிடைக்கும் கவனம் சைட் ஸ்டாண்டுக்குக் கிடைப்பதில்லை. வண்டி விழுந்து கிளச் பிடி முறிந்த பிறகுதான் அதைக் குனிந்து பார்க்கிறோம்.

ட்ரெயில் வண்டியின் ஸ்டாண்ட் ஏன் இவ்வளவு மெலிவாக இருக்கிறது? தயாரிப்பாளர்கள் யோசித்தே அப்படிச் செய்கிறார்கள். தெருவில் ஓடும் வண்டிக்கு இருப்பதுபோல நடு ஸ்டாண்ட் வைத்தால் அது என்ஜினுக்கு அடியில் தொங்கும்; கல்லிலும் வேரிலும் இடிக்கும்; எடையையும் கூட்டும். அதனால் நடு ஸ்டாண்டைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, இடப்பக்கம் மெல்லிய கால் ஒன்றை மட்டும் வைக்கிறார்கள். போட்டி வண்டிகளில் அதுவும் இல்லை. தியத்தலாவ பொக்ஸ்ஹில் திடலில் பாயும் மோட்டோகிராஸ் வண்டிகளை ஓட்டம் முடிந்ததும் ஒரு பெட்டி ஸ்டாண்டின் மேல் தூக்கி வைப்பார்கள், அல்லது பின்சக்கர அச்சின் துளையில் முக்கோணக் கம்பி ஒன்றைச் செருகிச் சாய்த்து வைப்பார்கள். தோட்டத்தில் ஓடும் வண்டி இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. போட்டி வண்டியின் உயரமும் மெலிவும் அதற்கு உண்டு. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அதை நிறுத்தவும் எடுக்கவும் வேண்டும்.

ஸ்டாண்டில் நிற்கும் வண்டி பொதுவாக 10 முதல் 15 பாகை வரை இடப்பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டு டயர்களும் தரையைத் தொடும் கோட்டிலிருந்து ஸ்டாண்டின் பாதம் ஏறத்தாழ 35 சென்டிமீற்றர் தள்ளி ஊன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 120 கிலோ எடையுள்ள வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 சென்டிமீற்றர் உயரத்தில் இருந்தால், 10 பாகைச் சாய்வில் சுமார் 30 கிலோ பாரம் ஸ்டாண்டின் மேல் விழும். மீதி டயர்களுக்கு. 30 கிலோ ஒன்றும் பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் அந்தப் பாதத்தின் அளவைப் பாருங்கள்: பழைய வண்டிகள் பலவற்றில் 5 சென்டிமீற்றர் நீளம், 4 சென்டிமீற்றர் அகலம் இருந்தால் அதிகம். ஒரு சதுர சென்டிமீற்றருக்கு ஒன்றரைக் கிலோ அழுத்தம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டு காலையும் ஊன்றி நின்றால் அவருடைய செருப்பு மண்ணில் கொடுக்கும் அழுத்தம் இதில் ஏழில் ஒரு பங்குகூட வராது. நாம் நிற்கும்போது தாங்கிய மண், ஸ்டாண்டைத் தாங்காமல் உள்ளே விடுவது இதனால்தான்.

அதைவிட மோசமான சங்கதி, புதைவது தானாகவே வேகம் எடுப்பது. பாதம் 3 சென்டிமீற்றர் இறங்கினால் வண்டி கிட்டத்தட்ட 5 பாகை கூடுதலாகச் சாய்கிறது. சாய்ந்ததும் ஈர்ப்பு மையம் இடப்பக்கம் நகர்ந்து, ஸ்டாண்டின் பாரம் 30 கிலோவிலிருந்து 44 கிலோவுக்கு ஏறுகிறது. பாரம் ஏறியதும் பாதம் இன்னும் ஆழமாக இறங்குகிறது. 20 பாகையைத் தொடும்போது ஸ்டாண்ட் தாங்குவது 60 கிலோ அளவில், அதாவது வண்டியின் பாதி எடை. ஓட்டுநர் இறங்கிப் போகும்போது திடமாக நின்ற வண்டி, கால் மணி நேரம் கழித்து வந்து பார்க்கையில் கானுக்குள் கவிழ்ந்து கிடப்பதன் காரணம் இதுவே. மழை பெய்துகொண்டிருந்தால் மண் நேரத்துக்கு நேரம் இளகும். கால் மணி நேரம்கூடத் தேவைப்படாது.

இதற்கு மருந்து எளிது, மலிவும்கூட. பாதத்தின் பரப்பைக் கூட்டவேண்டும். 10 சென்டிமீற்றர் நீளம், 8 சென்டிமீற்றர் அகலத்தில் 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகடு ஒன்றைப் பாதத்தின் அடியில் வெல்டிங் வைத்துவிட்டால் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகிவிடும். தகட்டின் ஓரங்களைச் சற்று மேல்நோக்கி மடித்துவிடவேண்டும். இல்லையென்றால் கூர் விளிம்பு மண்ணை வெட்டிக்கொண்டு இறங்கும். இன்னொன்றும் கவனிக்கவேண்டும். ஸ்டாண்டை மடக்கி வைத்த நிலையில் தகடு சங்கிலியிலோ பின்கையிலோ உரசக் கூடாது. இடப்பக்க வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது தரையைத் தொடவும் கூடாது. வெல்டிங் வைக்குமுன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, சஸ்பென்ஷனை அழுத்தி இதைச் சரிபார்ப்பது நல்லது. தகடு வைக்க மனமில்லாதவர்கள் உள்ளங்கை அளவுப் பலகைத் துண்டு ஒன்றில் துளையிட்டு, நூல் கட்டி, ஹேண்டிலில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். நிறுத்தும்போது அதை ஸ்டாண்டின் அடியில் போட்டு, புறப்படும்போது நூலைப் பிடித்து இழுத்தால் போதும். தட்டையான கல்லும் இதே வேலையைச் செய்யும்.

ஸ்டாண்டின் நீளம் என்று வந்தால் பெரிய கம்பனிகளுக்கே இது சிக்கலான விஷயம். 2016இல் வந்த ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் ஸ்டாண்டில் அளவுக்கு மீறி நிமிர்ந்து நிற்கிறது, லேசாக இடித்தாலே வலப்பக்கம் விழுகிறது என்று ஓட்டுநர்கள் சொல்லிவந்தார்கள். 2020இல் வந்த பதிப்பில் சைட் ஸ்டாண்டைத் திருத்தி அமைத்தார்கள். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வண்டியின் கதை இதற்கு எதிர்த்திசை. அதற்கென்று ஹீரோ விற்ற ராலி கிட்டில் உயர்ந்த சஸ்பென்ஷனும் முள் டயரும் மட்டுமல்லாமல் நீளமான சைட் ஸ்டாண்டும் சேர்ந்தே வந்தது. வண்டி உயர்ந்தால் பழைய ஸ்டாண்ட் குட்டையாகி, சாய்வு அதிகமாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உள்ளூரில் பின் ஷொக்கை மாற்றி வண்டியை உயர்த்துகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஸ்டாண்டின் நீளத்தில் ஒரு சென்டிமீற்றர் கூடினாலோ குறைந்தாலோ சாய்வு ஒன்றரைப் பாகைக்கு மேல் மாறும். ஆகவே ஸ்டாண்டை வெட்டவோ நீட்டவோ முன் அளக்கவேண்டும், அதுவும் வண்டியில் வழக்கமாக ஏற்றும் சுமையோடு அளக்கவேண்டும். பின் கரியரில் அரிசி மூட்டையோ காஸ் சிலிண்டரோ கட்டினால் சஸ்பென்ஷன் அமுங்கும், வண்டி தாழும், ஸ்டாண்ட் திடீரென்று நீளமானதுபோல் ஆகி, வண்டி நேராக நிமிரும். நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. சாய்வு குறைந்த வண்டிதான் எந்தப் பக்கமும் விழக்கூடியது.

இனி, ஸ்டாண்ட் எங்கே ஓய்ந்துபோகிறது என்று பார்ப்போம். காலாக நீளும் கம்பி வளைவது அபூர்வம். பெரும்பாலும் தேய்வது அது சுழலும் மூட்டு. விரிசல் விடுவது அந்த மூட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புக் காது. மூட்டில் உள்ள போல்ட் சாதாரணப் போல்ட் இல்லை. அதன் நடுப்பகுதி மரையில்லாமல் வழவழப்பாக இருக்கும். ஸ்டாண்ட் அந்த வழவழப்பான பகுதியில்தான் சுழலும். அது தொலைந்துபோனால் கராஜில் கையில் கிடைத்த முழுமரைப் போல்ட் ஒன்றைப் போட்டு முறுக்கிவிடுவார்கள். பிறகு நடப்பதைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்: மரையின் ஒவ்வொரு விளிம்பும் அரம்போல் காதின் துளையை அராவி, வட்டத் துளையை முட்டை வடிவமாக்கியிருக்கும். 2 சென்டிமீற்றர் அகலமுள்ள மூட்டில் அரை மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தாலே, 30 சென்டிமீற்றர் தள்ளியிருக்கும் பாதத்தில் அது 7 மில்லிமீற்றருக்கு மேல் ஆகிவிடுகிறது. ஸ்டாண்ட் தொளதொளத்துப் போவதன் தொடக்கம் இந்த அரை மில்லிமீற்றர்.

சரியான போல்ட் கிடைக்காவிட்டால் பட்டறையில் கடைந்து வாங்கலாம். துளை பெருத்திருந்தால் அதைச் சீராகக் குடைந்து பித்தளை புஷ் ஒன்றை இறுக்கிச் செருகலாம். நட்டைக் கண்மண் தெரியாமல் முறுக்கினால் ஸ்டாண்ட் சுழலாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் பின்பக்கத்தில் பூட்டு நட் போடுவது முறை. மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை சேற்றைக் கழுவிக் கிரீஸ் வைத்தால் மூட்டு நெடுங்காலம் உழைக்கும்.

காது விரிசல் விட்டிருந்தால் வேலை கொஞ்சம் பெரிது. விரிசலின் மேலேயே வெல்டிங்கை அப்பிவிட்டால் சில மாதங்களில் அதற்குப் பக்கத்தில் புதிதாகப் பிளக்கும். விரிசலை முழுதாக அரைத்து எடுத்து, உள்ளிருந்து நிரப்பி, காதுக்கும் சட்டத்துக்கும் இடையில் முக்கோணத் தகடு ஒன்றை முட்டுக்கொடுத்து ஒட்டவேண்டும். பெற்றோல் தாங்கியைக் கழற்றி அப்பால் வைக்காமல் வெல்டிங் கம்பியைத் தொடவே கூடாது. பற்றரி வயரையும் சிடிஐ பெட்டியின் இணைப்பையும் கழற்றிவிடவேண்டும். எர்த் கிளிப்பை ஒட்டுமிடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டவேண்டும். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பெயாரிங் வழியாக ஓடி அதைக் கெடுத்துவிடும். அலுமினிய ஸ்டாண்ட் என்றால் சாதாரண ஆர்க் வெல்டிங் சரிவராது. அதற்கென்று வசதியுள்ள பட்டறையைத் தேடித்தான் போகவேண்டும்.

ஸ்டாண்டின் ஸ்பிரிங் உயிர் சம்பந்தப்பட்ட உறுப்பு. கால் கீழே இருக்கும்போது அது காலை முன்னோக்கி இழுத்துப் பிடிக்கிறது; மடக்கும்போது ஒரு புள்ளியைத் தாண்டியதும் அதே ஸ்பிரிங் மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. அது தளர்ந்தால் குலுக்கலில் ஸ்டாண்ட் தானாக இறங்கும். இடப்பக்க வளைவில் அது தரையில் குத்தினால் வண்டியே எகிறிவிடும். ஓடும்போது தரையைத் தொட்டால் ஸ்டாண்ட் தானாகப் பின்னோக்கி மேலே மடங்கவேண்டும் என்று அமெரிக்காவில் 1970களிலேயே விதி வந்தது. அந்தக் காலத்து ஹொண்டா வண்டிகளின் ஸ்டாண்ட் நுனியில் ரப்பர் கட்டை இருந்தது தரையைப் பற்றி மடங்குவதற்காகத்தான். இன்று பல வண்டிகளில் ஸ்டாண்டை இறக்கிவைத்துக் கியர் போட்டால் என்ஜின் நின்றுவிடும்படி சுவிட்ச் இருக்கிறது. சேறு அடைத்து அது மக்கர் செய்கிறதென்று அந்த வயரை இணைத்து ஓட்டுகிறவர்கள் இந்தப் பாதுகாப்பைக் கைவிட்டவர்கள். சேற்றைக் கழுவினாலே பெரும்பாலும் சுவிட்ச் வேலைசெய்யும்.

சரிவில் நிறுத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஸ்டாண்ட் பின்னோக்கி மடங்குவதால் வண்டி முன்னால் உருண்டால் அது மடங்கிவிடும். பின்னால் உருளப் பார்த்தால் இன்னும் இறுக ஊன்றும். அதனால் முன்சக்கரத்தை மேட்டுப்பக்கம் வைத்து, முதல் கியரில் போட்டு நிறுத்தவேண்டும். பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தால் முன்பிரேக் பிடியை ஹேண்டிலோடு சேர்த்து மாட்டிவிட்டால் வண்டி இம்மியும் நகராது. நம் நாட்டில் இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்துகிறோம். மழைநீர் ஓடுவதற்காகப் பாதையும் அந்தப் பக்கமே கானை நோக்கிச் சரிகிறது. ஸ்டாண்டும் அதே பக்கம். மூன்றும் சேர்ந்தால் சாய்வு மிஞ்சிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஸ்டாண்டை நம்பாமல் மண்மேட்டில் வண்டியைச் சாய்த்து வைப்பதே மேல். சைலன்சர் உள்ள பக்கம் காய்ந்த புல்லில் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இவ்வளவையும் செய்த பிறகும் ஸ்டாண்டை முறிக்கக்கூடிய பழக்கம் ஒன்று உண்டு. பழைய ட்ரெயில் வண்டிகள் பலவற்றில் கிக் அடித்துத்தான் ஸ்டார்ட் செய்யவேண்டும். உயரமான வண்டி என்பதால், ஸ்டாண்டில் நிற்கும்போதே இடது காலை மிதிபடியில் ஊன்றி ஏறி நின்று வலது காலால் உதைக்கிறார்கள். அந்த நேரத்தில் ஓட்டுநரின் எடையில் பெரும்பங்கு ஸ்டாண்டின் மேல் வந்து, பாரம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது. ஒவ்வொரு உதையும் அதன்மேல் விழும் அடி. சைட் ஸ்டாண்ட் வண்டியின் எடையை மட்டும் தாங்கத்தான் செய்யப்பட்டது, அதன்மேல் நிற்கும் வண்டியில் உட்காராதீர்கள் என்று கேடிஎம் தன் வண்டிகளின் கையேட்டில் எச்சரிக்கிறது. ட்ரெயில் வண்டி வைத்திருப்பவர்கள் அந்த எச்சரிக்கையைத் தங்களுக்கும் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டை மடக்கி, வண்டியை இரு கால்களுக்கு இடையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உதையுங்கள். உயரம் எட்டாவிட்டால் இடது காலுக்குப் பாதையோரத் திண்டையோ கல்லையோ தேடிக்கொள்ளுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் ஸ்டாண்டை ஒரு தடவை கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால், மழை வலுப்பதற்குள் போல்டை மாற்றிவிடுங்கள்.