குதிரைமேல் இருந்தவன் பழி

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலுக்குள் கிழக்கு வாசலால் நுழைகிறவர்கள் அதே வாசலால் வெளியே வருவதில்லை. வெளியூர்க்காரர் யாராவது தெரியாமல் அந்தப் பக்கம் திரும்பினால், "அப்படிப் போகாதீங்க, பிரமகத்தி காத்துக்கிட்டு நிக்கும்" என்று உடனே தடுப்பார்கள்.

காரணம் திருவிளையாடற் புராணத்தில் இருக்கிறது. வேட்டை முடித்து இருட்டில் குதிரையை விரட்டி வருகிறான் வரகுண பாண்டியன். வழியில் தூங்கிக்கிடந்த அந்தணர் ஒருவர் குளம்படி பட்டு இறக்கிறார். அரசனுக்கு அது தெரியவே தெரியாது. இருந்தும் பிரமகத்தி, அதாவது அந்தணரைக் கொன்ற பாவம், அவனைத்தான் பிடித்தது. அவன் இந்தக் கோயிலுக்குள் கிழக்கு வாசலால் நுழைந்தபோது அது வெளியே காத்து நின்றது; அவன் வேறு வாசலால் வெளியேறித் தப்பினான். நடுவழியில் படுத்தவர் மேல் குற்றம் இல்லை, குதிரை மேலும் இல்லை. இந்தத் தீர்ப்பு முழுக்க நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ஓட்டுகிறவன்தான் கவனமாக இருக்க வேண்டும். ஆனால், நினைப்பு எங்கேயோ போய்விடுவது எல்லோருக்கும் நடப்பதுதான். இளசுகள் 'ஜோன் அவுட் ஆயிட்டேன்' என்பார்கள். ஹார்வர்டின் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், கைபேசி வழியே 2,250 பேரைக் கேட்டுப் பார்த்தார்கள். கேட்ட வேளைகளில் ஏறக்குறைய 47 சதவீதம், மனம் கையிலிருந்த வேலையில் இல்லை. வகுப்பறையில் என்றால் பாடம் கொஞ்சம் விட்டுப்போகும், அவ்வளவுதான். கும்பகோணம் - மயிலாடுதுறை சாலையில் அப்படி விட முடியாது. பழகிய சாலை; கண் திறந்திருக்கும், கை தானாகத் திருப்பும், ஆடுதுறை தாண்டியதே நினைவில் இருக்காது. 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி மனம் விலகினால் வண்டி 50 மீட்டர் போய்விடும்.

தை, மாசியில் அந்த 50 மீட்டரில் சம்பா நெல் கிடக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிடுவார்கள் என்ற பயம். உலர்களம் போதாத ஊர்களில் தார்ச்சாலைதான் களம். பாதிச் சாலைக்குப் பரப்பி, ஓரத்தில் கல்லும் மரக்கிளையும் அணைகொடுத்து, காலாலேயே வரிவரியாகத் துழாவிக்கொண்டு நடப்பார்கள். பொழுது சாய்ந்ததும் குவித்துப் படுதா போட்டு மூடிவிட்டு, காவலுக்கு ஒருவர் பக்கத்திலேயே தலைசாய்த்துக்கொள்வார். வரகுணன் வந்த வழியில் இருந்த இருட்டு, வேகம், தூங்கும் மனிதர் எல்லாம் இங்கே அப்படியே இருக்கின்றன.

அறுவடைக்கு முன்பே போதுமான உலர்களங்களை அரசு கட்டித்தர வேண்டும். அதுவரை, வண்டி ஓட்டுகிறவர்களே, கடந்துவந்த ஊர் எது என்று சொல்லத் தெரியவில்லையென்றால், அடுத்த டீக்கடையில் நிறுத்தி முகம் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.