ரத்தத்தில் ஒரு சேதி – 11: அரை மணி நேரம்

சித்தப்பா வீட்டில் காலை ஏழு மணிக்கு இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, எப்போது காபி குடிக்கலாம் என்று சித்தி. ஃபிரிட்ஜ் கதவில் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இன்சுலினை எடுத்து வயிற்றில் ஊசி போட்டுவிட்டு, எப்போது இட்லி வரும் என்று சித்தப்பா. போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு அவர் கேட்டார்: “ரெண்டுமே ஹார்மோன்னு எழுதியிருக்கே. அப்புறம் அவளுக்கு மட்டும் மாத்திரை, எனக்கு மட்டும் ஊசியா?”

மருத்துவர்கள் முப்பது வருஷம் திண்டாடிய கேள்வி இது. 1891இல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு சுரப்பு வற்றி உடம்பு ஊதி, பேச்சும் நடையும் மந்தமாகிப்போன ஒரு பெண்ணுக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்த அம்மாள் தேறி, 1919 வரை, 74 வயது வரை இருந்தார். அடுத்த ஆண்டே ஹெக்டர் மெக்கன்சியும் எட்வர்ட் ஃபாக்ஸும் தனித்தனியாக இன்னொன்றைக் கண்டார்கள்: ஊசியே வேண்டாம், ஆட்டுத் தைராய்டைச் சாப்பிட்டாலே போதும். ஃபாக்ஸ் அதை லேசாக வறுத்துக் கொடுத்தார். வேலை செய்தது.

அதே சூட்டில், இன்சுலின் சுரக்கும் கணையத்தையும் சாப்பிடக் கொடுத்துப் பார்த்தார்கள். கணையத்தை எடுத்துவிட்டால் நாய்க்குச் சர்க்கரை நோய் வருகிறது என்று 1889இலேயே ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் ஃபான் மெரிங்கும் காட்டியிருந்தார்களே! ஆனால் கணையம் தின்ற நோயாளிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை.

சித்தியின் மாத்திரையில் இருக்கும் தைராக்ஸின் ஒரு பொடிசு. டைரோசின் என்ற அமினோ அமிலம் இரண்டு சேர்ந்து, மேலே நாலு அயோடின் அணுக்கள் ஒட்டிக்கொண்டால் தைராக்ஸின் தயார். வயிற்று அமிலமும் நொதிகளும் இதில் பிரிக்க ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிடுகின்றன. இன்சுலின் அப்படியல்ல. 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி, 30 கொண்ட இன்னொன்று, இரண்டையும் பிணைக்கும் கந்தகப் பாலங்கள். முழுதாகவே ஒரு புரதம். வயிற்றுக்கு மருந்து, உணவு என்ற பேதம் கிடையாது. சாம்பாரில் இருக்கும் பருப்பை எப்படி அறுக்குமோ அப்படித்தான் இன்சுலினையும் அறுக்கும். சித்தப்பா இன்சுலினைக் குடித்தால் அது ரொம்ப விலை உயர்ந்த பருப்புத் தண்ணீர்.

கணையத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. புரதத்தை அறுக்கும் நொதிகளைச் சுரப்பதும் அதுதான். சாறு எடுக்கக் கணையத்தை அரைத்தால், வேலியே பயிரை மேய்ந்துவிடுமோ என்று, டொராண்டோவில் இன்சுலினைத் தேடிக்கொண்டிருந்த பேன்டிங் பயந்தார். 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குப் போட்ட முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. போட்ட இடம் சீழ் பிடித்ததுதான் மிச்சம். காலிப் என்ற வேதியியலாளர் ஆல்கஹாலின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அழுக்கை ஒதுக்கி, இன்சுலினைப் பிரித்தெடுத்தார். 23ஆம் தேதி போட்ட ஊசியில் சர்க்கரை இறங்கியது. பேன்டிங்கின் பெயர் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்காவது காலிப்பின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

வேலை செய்யும் விதத்திலும் இரண்டும் வேறு. தைராக்ஸின் செல்லுக்குள் நுழைந்து, உருமாறி, உட்கரு வரை போய், எந்த மரபணு எழ வேண்டும், எது தூங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்யும். நிதானமான ஆள். ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும் என்பதால், ஒரு நாள் மாத்திரை மறந்தால் சித்திக்கு ஒன்றும் தெரிவதில்லை. இன்சுலின் வாசலைத் தாண்டாமலே காரியம் முடிக்கும். செல்லின் மேல்தோலில் உள்ள ஏற்பியைப் பிடித்ததும், ஏற்பியின் உள்பக்கம் விழித்துக்கொள்கிறது. சேதி கைமாறிக் கைமாறி உள்ளே போக, தசைச் செல்லுக்குள் பதுங்கியிருந்த குளுக்கோஸ் கடத்திகள் மேலே ஏறி வந்து சர்க்கரையை உள்ளே இழுக்கின்றன. இதெல்லாம் நிமிடக் கணக்கு. ரத்தத்தில் இன்சுலின் பாதியாகக் குறைய ஐந்து நிமிடம் போல ஆகும், அவ்வளவே.

பின்னே ஊசி போட்ட சித்தப்பாவுக்கு எதற்கு அரை மணி நேரக் காத்திருப்பு? எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான். கணையம் இன்சுலினைச் சேமிக்கும்போது ஆறாறாகக் கட்டி வைக்கிறது. ஆறு மூலக்கூறுகள், நடுவே இரண்டு துத்தநாக அணுக்கள். இந்தக் கட்டின் அமைப்பை முழுசாகக் கண்டு சொன்னவர் டோரதி ஹாட்கின். 1930களில் இன்சுலின் படிகத்தை எக்ஸ்-கதிரில் படமெடுத்தவர், விடையை வெளியிட்டது 1969இல். சித்தப்பா போடும் சாதா இன்சுலினும் இப்படிக் கட்டுக்கட்டாகத்தான் தோலடியில் இறங்குகிறது. கட்டு அவிழ்ந்து ஒற்றை ஒற்றையாகப் பிரிந்தால்தான் ரத்தத்துக்குள் சட்டென்று போக முடியும். அவிழ்வதற்கான நேரம்தான் அந்த அரை மணி. 1996இல் வந்த லிஸ்ப்ரோ இன்சுலினில், 30 கொண்ட சங்கிலியின் 28, 29ஆம் இடங்களில் இருந்த இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றிப் போட்டார்கள். கட்டு இறுகவில்லை. இலையில் உட்கார்ந்த பிறகு ஊசி போட்டால் போதும் என்றாகிவிட்டது.

ஃபிரிட்ஜ் ரகசியமும் இன்சுலின் ஒரு புரதம் என்பதில்தான். மடிந்த வடிவம்தான் புரதத்தின் உயிர். சூடு பட்டாலும் உறைந்தாலும் அது குலையும். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் மண்பானையில் இன்சுலினை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். சித்தியின் மாத்திரைக்கு அலமாரி போதும்.

எல்லாம் கேட்டுவிட்டு, “புரதத்தை மாத்திரையா ஆக்கவே முடியாதா?” என்றார் சித்தப்பா.

ஒன்று வந்திருக்கிறது என்றேன். இன்சுலின் இல்லை; செமாகுளூடைடு என்ற சர்க்கரை நோய் மருந்து, 31 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிச் சங்கிலி. 2019இல் அமெரிக்கா மாத்திரையாக அனுமதித்தது. வயிற்றின் அமிலத்தைத் தணித்து வழிவிடும் துணைப்பொருள் ஒன்றைச் சேர்த்தும், விழுங்கியதில் ஒரு சதவீதம்கூட ரத்தத்துக்குப் போவதில்லை. ஊசியில் வாரத்துக்கு 1 மில்லிகிராம் போட்ட இடத்தில், மாத்திரையில் தினமும் 14 மில்லிகிராம் வரை கொடுக்க வேண்டியிருக்கிறது. அதையும் காலையில் வெறும் வயிற்றில், ஒரு மடக்குத் தண்ணீரில்.

“அப்புறம் எப்ப சாப்பிடலாம்?”

“அரை மணி நேரம் கழிச்சு, சித்தப்பா.”

சித்தி காபியை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.